கணைக்கால் தாங்கி

ஜூன் 9

தம்பிக்கு,

நீ நாலைந்து தடவை போன் செய்தாய். நான் எடுக்கவில்லை. வேலையாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே, சும்மா உட்கார்ந்து அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இனி உனக்கும் எனக்கும் தபால்தான்.

என் மேலாளருக்கு நீ எழுதிய கடிதத்தை அவரே எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க தம்பி எவ்வளவு அக்கறையா எழுதியிருக்கார் பாருங்கம்மா" என்றார். பார்த்தேன். அக்காவின் இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, படி இறங்கும்போது நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறாள், இனியும் அவளை மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட விட்டால் ஒருநாள் யாராவது போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. அணை அலுவலகக் கோப்பில் நான் இப்போது நண்டு.

உன் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். சாப்பாடு போட்டுவிட்டு, நான் படி இறங்குவதைக் கதவிடுக்கு வழியாக வேவு பார்த்திருக்கிறாய். எதற்கென்று எனக்குத் தெரியாதா? உன் மாடி அறைக்குப் புதிதாக ஜன்னல் கம்பி செய்து மாட்டியிருந்தாயே, அந்தக் கம்பிக்குப் பின்னால் என்னை உட்கார வைக்கத்தான்.

விளைவைக் கேட்டுக்கொள். அடுத்த மாதம் எனக்குச் சோதனை. உதவிப் பொறியாளர் ஒருவர், கண்ணாடிக்காரர் என்று கூப்பிடுவோம், தன் வண்டியில் என் பின்னாலேயே வருவார். அணையிலிருந்து மேல் ஓடை வரைக்கும் எல்லா நீர்மட்டக் கம்பங்களுக்கும் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு திரும்ப வேண்டும். திரும்பினால் வண்டியும் இந்த அளவெடுக்கும் சுற்றும் என்னிடமே இருக்கும். இல்லையென்றால் வண்டி வேறொருவருக்கு, எனக்கு மேசை. வருகிற காகிதத்துக்கு முத்திரை குத்த வேண்டும். மேலே தானாக அளந்து சொல்கிற கருவிகள் வைத்திருக்கிறார்களே என்று கேட்பாய். மழை பிடித்தால் முதலில் ஊமையாவது அந்தக் கருவிகள்தான்.

இந்த வண்டியை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சுற்றுக்குப் போன ஆண்கள் பாதை சரியில்லை என்று ஒவ்வொருவராக மாற்றல் வாங்கிப் போனார்கள். அலுவலகத்துப் பின்புற மண்ணில் விழுந்து விழுந்து நானே கற்றேன். மேசைக்குப் போனால் நான் செத்துவிடமாட்டேன். ஆனால் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் தேட ஆரம்பித்துவிடுவேன். அது எனக்கு வேண்டாம்.

முழங்கால் தேய்ந்தது உண்மைதான். உன்னிடம் ஒத்துக்கொள்வதில் வெட்கமில்லை. என் மேலாளரிடம் சொல்வதற்கு நீ யார்?

கல் பாதையில் உட்கார்ந்து ஓட்டினால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் முத்திரை குத்தும். எழுந்து நின்றுதான் ஓட்ட வேண்டும். நின்றால் வண்டி கீழே எப்படி வேண்டுமானாலும் குதிக்கும், ஆள் மேலே அமைதியாக இருக்கலாம். முன்பு மணிக்கணக்கில் நிற்பேன். இப்போது கொஞ்சத் தூரத்திலேயே தொடை நடுங்கி உட்கார வைத்துவிடுகிறது. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். கம்பத்தின் இரும்பு ஏணியில் நின்று அளவு எழுதும்போது மட்டும் முழங்கால் வலிப்பதே இல்லை. ஏனென்றால் அங்கே கணைக்கால் இரண்டும் அடுத்த படியில் சாய்ந்திருக்கின்றன. எடை எலும்பில் இறங்கிவிடுகிறது, தொடைக்கு ஓய்வு. அந்த ஏணிப்படியை வண்டியில் வைக்கப்போகிறேன். முழங்காலுக்குக் கீழே, ஒரு காலுக்கு ஒன்று.

உன்னிடம் உதவி கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் எழுதினேன்.

நண்டு

*

ஜூன் 14

அக்கா,

நண்டு என்று எழுதியது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். கடிதம் எழுதியது தப்பில்லை. அதை ஒத்துக்கொள்ளமாட்டேன்.

உன் கடிதத்தை என் மனைவி எனக்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டு, "அண்ணி கேக்கறதுல என்ன தப்பு? நாளைக்கு எனக்கு இடுப்பு வலின்னா கிரைண்டர் கம்பெனிக்கு லெட்டர் போடுவீங்களா?" என்றாள். இரண்டு நாளாக வீட்டில் எனக்கு மரியாதை இல்லை. அதில் உனக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், வைத்துக்கொள்.

வேவு பார்க்கவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன். நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று, பல்லைக் கடித்து, அடுத்த காலை வைத்தாய். கீழே வந்ததும் முகத்தைத் துடைத்துவிட்டுச் சமையலறைக்குள் சிரித்துக்கொண்டே போனாய். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எழுதினேன். அது இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன். உன்னிடமே கேட்டிருக்கலாம் என்பாய். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? "வேலையைப் பாருடா" என்றிருப்பாய்.

மாடி அறைக்குக் கம்பி போட்டது குரங்கு வருகிறது என்பதற்காக. கதவு செய்கிறவன் வீட்டு ஜன்னலே கம்பி இல்லாமல் இருந்தால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?

தாங்கியைப் பற்றி. யோசனை மோசமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் மோசமில்லை. ஆனாலும் நீ எதில் செய்வாய் என்று எனக்குத் தெரியும். கையில் கிடைத்த ஏதாவது பிளாஸ்டிக்கை வளைத்துக் கட்டுவாய். உன் எடை முழுவதும் அதன் மேல் சாயப்போகிறது. நடுவழியில் அது உடைந்தால் வண்டிக்கு முன்னால் நீ போவாய். கால் அசையாமல் பிடித்து நிற்கிற பொருளாக இருக்க வேண்டும். பிடிப்புதான் பத்திரம். எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பு. செய்து தருகிறேன். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டே வாங்கிக்கொள்ளலாம்.

தம்பி

*

ஜூன் 21

தம்பிக்கு,

படம் வேண்டாம். செய்தாயிற்று.

கழிவுநீர்க் குழாய் ஒரு முழம் வாங்கி நெடுக்காக இரண்டாக அறுத்தேன். பாதி உருளையாக இரண்டு தொட்டில் கிடைத்தது. கணைக்கால் அதில் அப்படியே உட்காருகிறது. அடுப்புத் தணலில் காட்டி விளிம்பை வெளிப்பக்கம் மடக்கினேன், வெட்டாமலிருக்க. உள்ளே பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி ஒட்டினேன். எஞ்சினுக்கு முன்னால் இறங்குகிற சட்டக் குழாயில் இரும்புப் பட்டை ஒன்றைக் குறுக்கே கவ்வவிட்டு, அதன் இரண்டு முனையிலும் தொட்டில்களைப் போல்ட் போட்டு நிறுத்தினேன். நான் வெல்டிங் வைக்கவில்லை. அலுவலக வண்டி, இரண்டு போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிட வேண்டும்.

கீழ் வீட்டுத் தையல்காரர் மூன்றாம் நாள் மேலே ஏறி வந்தார். "அக்கா, மேல என்ன, ரயில் பெட்டியா செய்றீங்க? என் ஊசி நூல் தாண்டிப் போகுது" என்றார். காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "உறை தச்சுத் தரேன். அளவு குடுங்க" என்றார். ரெக்சினில் உறை போட்டுத் தந்தார். மாட்டிய பிறகு வண்டி மோட்டார் சைக்கிள் மாதிரி இல்லை, பல் மருத்துவர் நாற்காலி மாதிரி இருக்கிறது.

முதல் தடவை பழைய கல்குவாரிப் பாதையில் ஏற்றினேன். சாய்வு ஆரம்பித்ததும் எழுந்து, முழங்காலை லேசாக மடித்து, கால்களைத் தொட்டிலுக்குள் சாய்த்தேன். என்ன நடந்தது என்று எழுதத் தெரியவில்லை. வலி நின்றது என்று சொல்லமாட்டேன். வலி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, பிரேக் பிடித்தால் உடம்பு முன்னால் பாயவில்லை. முழுப் பாதையும் நின்றபடியே போனேன். பழைய மாதிரி.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கணைக்காலிலும் கன்றிப்போய் நீலமாக இருந்தது. தொட்டில் இரண்டு விரல் அளவு கீழே இருந்திருக்கிறது. அளவு நாடாவின் கோளாறு. உயர்த்திவிட்டேன்.

நீ பிடிப்பு என்று எழுதியிருந்தாய். அங்கேதான் உனக்குப் புரியவில்லை. நான் ஏன் பாதிக் குழாய் வைத்தேன்? முன்னால் சாய மட்டும்தான் எனக்கு அது வேண்டும். பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். வண்டி சரிந்தால் அது ஒரு பக்கம் போகட்டும், நான் ஒரு பக்கம் போவேன். கால் பின்னால் உருவிக்கொண்டு வர வேண்டும். வண்டியோடு கட்டிக்கொண்டு விழுவதற்கு நான் ஒன்றும் அதற்கு வாக்கப்படவில்லை.

இடது தொட்டிலில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கீறல் இருக்கிறது. அது ஒன்றும் செய்யாது.

அக்கா

*

ஜூன் 26

அக்கா,

அளவு நாடாவின் கோளாறா? நீ எப்படி அளந்திருப்பாய் என்று நான் சொல்லட்டுமா? வண்டியை ஸ்டாண்டில் போட்டு, வீட்டுச் செருப்போடு மிதியில் ஏறி நின்று, முழங்காலுக்குக் கீழே கோடு போட்டிருப்பாய். ஓட்டும்போது பூட்ஸ் போட்டிருப்பாய். பூட்ஸின் அடி இரண்டு விரல் தடிமன். கால் மேலே போனது, தொட்டில் கீழேயே நின்றது. நாடாவைத் திட்டாதே, பாவம். என் மனைவி இதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போன வாரம் உன் பக்கம் இருந்தவள்.

கீறல் ஒன்றும் செய்யாது என்று எழுதுகிறவர்கள் எல்லாம் பிறகு எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்துதான் எழுதுவார்கள். குழாய் பிளாஸ்டிக் வெயிலில் காய்ந்தால் அப்பளம். அதனால் உன்னைக் கேட்காமலே செய்துவிட்டேன். இதோடு பார்சல் வருகிறது. இரும்புத் தகடு, விளிம்பெல்லாம் உருட்டிவிட்டிருக்கிறேன், உள்ளே கனத்த ரப்பர். ஓட்டையை நீளவாக்கில் விட்டிருக்கிறேன், உன் பட்டையில் அதே போல்ட்டிலேயே மாட்டலாம்.

நீ எழுதியபடிதான் செய்தேன், ஒரே ஒரு திருத்தம். பாதி வளையத்தைப் பார்க்கப் பார்க்க என் கண்ணை உறுத்தியது. முப்பது வருஷமாகக் கதவும் கம்பியும் செய்கிறேன், ஒரு பக்கம் திறந்து கிடக்கிற எதையும் என் கை முடிந்த வேலை என்று ஒத்துக்கொள்ளாது. அதனால் பின்பக்கம் ஒரு வளைவு வைத்துக் கொண்டி போட்டிருக்கிறேன். கெண்டைச்சதையை இதமாகப் பிடித்துக்கொள்ளும். கால் நழுவினால்தானே விழுவாய்? நழுவவே விடாது. ஏறும்போது கொண்டியைப் போடு, இறங்கும்போது எடு. பெட்டிக்குப் பூட்டுப் போடுவது மாதிரி.

நான் எழுதிய கடிதத்துக்கு இது பரிகாரம் என்று நினைக்காதே. அதில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. நீ போவதென்று முடிவு செய்துவிட்டாய், போகிறவள் உடையாததோடு போ.

எனக்கும் ஒரு ஜோடி செய்திருக்கிறேன், என் பழைய வண்டிக்கு. பட்டறைக்குப் பின்னால் ஜல்லி கொட்டிய காலி மனை இருக்கிறது. நாளை நானும் நின்று பார்க்கப்போகிறேன். சிரிக்காதே.

தம்பி

*

ஜூன் 29

அக்கா,

போனை எடு. இல்லையென்றால் இதைப் படித்ததும் முதலில் பார்சலில் வந்ததைக் கழற்று. கழற்றிவிட்டு மீதியைப் படி.

ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். வலது கணைக்கால் இரண்டு துண்டு. வேகமாகப் போய் விழுந்தேன் என்றாலாவது கௌரவமாக இருக்கும். நடக்கிற வேகத்தில் ஜல்லி மேட்டின் மேல் ஏறினேன். கொண்டி போட்டிருந்தேன். நின்றபோது நீ எழுதியது முழுக்க உண்மை என்று தெரிந்தது, உடம்பு காற்று மாதிரி ஆகிவிட்டது, கத்தலாம் போலிருந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து இவள், "அம்பது தாண்டி சர்க்கஸா?" என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். ஜல்லி சரிந்தது. வண்டி மெதுவாக வலப்பக்கம் சாய்ந்தது. சின்னப் பிள்ளைகூடக் காலை ஊன்றி நிறுத்திவிடும். என் கால் வரவில்லை. வளையத்துக்குள் இருந்தது. நான் செய்த வளையம், நான் போட்ட கொண்டி. இவளும் பக்கத்து டயர் கடைக்காரரும் வந்து, வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கொண்டியை என்னிடமே எப்படித் திறப்பது என்று கேட்டார்கள். வலியில் எனக்கு மறந்துவிட்டது.

உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கண்ணாடிக்காரர் என்கிறாயே, அவர்தான் எடுத்தார். "அவங்க பயிற்சிக்கு மேல போயிருக்காங்க" என்றார். அப்போது எனக்கு வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. காலை உடைத்துக்கொண்டபோதுகூட அப்படி வரவில்லை.

டயர் கடைக்காரரின் மச்சான் உன் பக்கம் போகிற பஸ்ஸில் நடத்துனர். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் ஒரு வரி போதும்.

தம்பி

*

ஜூன் 30

தம்பிக்கு,

பஸ்காரர் கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும் வரை போகமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். நீ என்ன சொல்லி அனுப்பினாயோ. படித்துவிட்டு, "நல்லா இருக்கேன்னு சொல்லுங்க" என்றேன். அதன் பிறகுதான் போனார்.

உன் வளைவையும் கொண்டியையும் பார்சல் வந்த அன்றே அறுத்து எறிந்துவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் எனக்கு வந்த கோபத்தில் முழுவதையும் திருப்பி அனுப்பியிருப்பேன். பின்பக்கம் ஏன் திறந்திருக்க வேண்டும் என்று பத்தி பத்தியாக எழுதியிருக்கிறேன், அதைப் படித்தவன் செய்கிற வேலையா இது? உனக்குக் கடிதம் என்றால் கைக்கு வந்ததும் மடித்து வைக்கிற காகிதம். ரம்பத்தை எடுத்து உட்கார்ந்தேன். நல்ல இரும்பு, லேசில் அறுபடவில்லை. தையல்காரர் கீழேயிருந்து, "ரயில் கிளம்பிடுச்சா அக்கா?" என்று குரல் கொடுத்தார்.

திருப்பி அனுப்பாததற்குக் காரணம் இருக்கிறது. கீறல் விட்ட என் இடது தொட்டில் அதற்கு முதல்நாள் பாதையில் இரண்டாகப் போய்விட்டது. உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் ஆடியிருப்பாய். இப்போது காலை நீட்டிப் படுத்திருக்கிறாய், ஆட முடியாது, அதனால் எழுதுகிறேன். முன்பக்கத் தகடு நன்றாகத்தான் இருக்கிறது. அதன் மேல் சாய்ந்துதான் ஓட்டுகிறேன்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன்னைப் பார்க்க இல்லை. உன் மனைவி தனியாக எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவாள்?

அக்கா

*

ஜூலை 9

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில் நான் பேசியது கொஞ்சம் அதிகம். கட்டிலில் கிடப்பவனிடம் அவ்வளவு பேசியிருக்க வேண்டாம். பேசியதில் எதுவும் தப்பு என்று சொல்லவில்லை, அளவைத்தான் சொல்கிறேன்.

சோதனை முடிந்தது. நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன்.

காலையில் கண்ணாடிக்காரர் வந்ததும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தாங்கியை விரலால் தட்டினார். "இது அலுவலக வண்டிம்மா. இப்படியெல்லாம் மாட்ட அனுமதி இருக்கா?" "ரெண்டு போல்ட்டு சார். சாயங்காலம் கழட்டி உங்க கையில தரேன்." அதைக் கையிலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். மனிதர் கெட்டவரில்லை, ஆனால் சும்மா இருப்பதற்கும் ஒரு விதி எண் தேடுகிறவர்.

கிளம்பியதிலிருந்து நான் நின்றேன், அவர் உட்கார்ந்தே வந்தார். முதல் ஓடை தாண்டியதும் பின்னால் முனகல் கேட்டது. கல்லில் ஏறும்போதெல்லாம் "அம்மா" என்று ஒரு சத்தம். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன். பெற்ற தாயைக் கூப்பிட்டிருக்கிறார். ஏற்றத்தில் என் முழங்கால் பேச ஆரம்பித்தது. தொட்டிலில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தேன், அது அடங்கியது. கடைசிக் கம்பத்தின் ஏணியில் நான் அளவு எழுதுகிறபோது அவர் கீழே ஒரு பாறையில் கவிழ்ந்து படுத்திருந்தார்.

இறங்கும்போது ஆற்றுப் படுகை. மேலே மழை பெய்திருக்கிறது, தண்ணீர் காலையில் இருந்ததைவிட ஒரு சாண் கூட. உருண்டைக் கல்லெல்லாம் பாசி. பாதி தாண்டியதும் முன் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறி அந்தப் பக்கமாக நழுவியது. இதைத்தான் எழுத நினைத்து இவ்வளவு தூரம் வந்தேன். விழுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்து, இடது காலைப் பின்னால் இழுத்தேன். வந்தது. ஒரு தடையும் இல்லாமல், மேசைக்கடியிலிருந்து காலை எடுப்பது மாதிரி. வண்டி சரிந்து தண்ணீரில் விழுந்தது, நான் அதற்குப் பின்னால் உட்கார்ந்தபடி விழுந்தேன். இடுப்பு வரைக்கும் நனைந்து அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தேன். உன் ஞாபகம் வந்தது. அந்தக் கொண்டி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவில்லை.

கண்ணாடிக்காரர் பூட்ஸோடு தண்ணீரில் இறங்கி ஓடி வந்தார். "அடிபட்டுச்சாம்மா? வலிக்குதா?" "வலிக்குது. வண்டிய அந்தப் பக்கம் பிடிங்க." இரண்டு பேருமாகத் தூக்கினோம். தனியாகத் தூக்கினேன் என்று உனக்கு எழுத ஆசை. என்னால் முடிந்திருக்காது.

அவர் அறிக்கையில் நியாயமாகத்தான் எழுதியிருக்கிறார். எல்லாக் கம்பமும் பார்த்தார், ஒருமுறை விழுந்தார், எழுந்து ஓட்டினார். மேலாளர் படித்தார். தலையைச் சொறிந்தார். "எனக்கு ஆட்சேபம் இல்லம்மா. ஆனா உங்க தம்பி லெட்டர் கோப்புல இருக்கே. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, குடும்பத்துல எழுதிக் குடுத்தும் அனுப்பினீங்களான்னு என்னைக் கேப்பாங்க. அவர் அதை வாபஸ் வாங்கி ஒரு வரி எழுதட்டும், சாவிய வாங்கிக்கோங்க" என்றார்.

ஆக, நான் மலையேறி இறங்கி ஆற்றில் விழுந்து எழுந்த பிறகும், சாவி உன் பேனாவில்தான் இருக்கிறது. நான் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள், இப்போதும் கெஞ்சவில்லை. நீ எழுதியதை நீயே திரும்ப எடு. முன்பு எழுதியது தவறு, அக்காவுக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால் போதும். கால்தானே உடைந்திருக்கிறது, கை நன்றாக இருக்கிறதே.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

நீ வந்து போன பிறகு நர்ஸம்மா கேட்டார், "யாருங்க அது, உங்க அம்மாவா? வார்டே அமைதியாயிடுச்சே." அக்கா என்றேன். "அப்ப அம்மா எப்படி இருந்திருப்பாங்க" என்றார். நீ மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் பிடுங்கிப் பார்த்ததையும், என் போர்வையை இழுத்து மடித்துவிட்டுப் போனதையும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடி ஏற முடியாததால் கூடத்தில் கட்டில். பட்டறைச் சத்தம் கேட்கிறது, எழுந்து போக முடியவில்லை. ஆட்கள் தப்பாகத் தட்டுகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரிகிறது. நாள் முழுக்க இப்படியே. இவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "படுத்திருங்க, உங்க நல்லதுக்குத்தான்" என்கிறாள். நல்லதுக்குத்தான். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எதையாவது எடுத்து எறியலாம் போலிருக்கிறது. உன் மேலாளர் உன்னை மேசையில் உட்கார வைத்து அதையேதான் சொல்வார் என்று புரிந்தது.

புரிந்தாலும் நீ கேட்டது மாதிரி என்னால் எழுத முடியாது. மூன்று காகிதம் எடுத்துப் பார்த்தேன். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்ற இடத்தில் கை நின்றுவிடுகிறது. நீ படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதமாட்டேன். நீயும் அப்படி எழுதமாட்டாய், ஆற்றில் விழுந்ததைக்கூட எழுதினாய், வண்டியைத் தூக்க முடியவில்லை என்பதையும் எழுதினாய்.

அதனால் உன் மேலாளருக்கு வேறு ஒன்று எழுதி இன்று தபாலில் சேர்த்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் எழுதுவது இது இரண்டாவது தடவை. நகல் கீழே. கோபம் வந்தால் நேராக வந்து திட்டு, நான் எங்கேயும் ஓட முடியாது.

"ஐயா, என் அக்காவைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தை நான் வாபஸ் வாங்கவில்லை. அவள் முழங்கால்கள் தேய்ந்தவைதான். நண்டு என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த முழங்காலோடு எப்படி ஓட்டுவது என்று அவளே ஒரு தாங்கி செய்தாள். நான் அதைத் திருத்திச் செய்தேன். நான் திருத்தியபடி மாட்டி, நடக்கிற வேகத்தில் விழுந்து, என் கால் உடைந்தது. என் திருத்தத்தை அறுத்து எறிந்துவிட்டு மாட்டியதால், ஆற்றில் விழுந்தும் அவள் கால் உடையவில்லை. எனக்கு அவளை அனுப்பப் பயம். அந்தப் பயம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வண்டி விஷயத்தில் எங்கள் இருவரில் யார் பேச்சைக் கேட்பது என்று நீங்கள் கேட்டால், என் பேச்சைக் கேட்காதீர்கள். இதைக் கோப்பில் முந்தைய கடிதத்துக்கு மேலே வைக்கவும்."

அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தம்பி

*

ஜூலை 22

தம்பிக்கு,

மேலாளர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டுச் சத்தமாக ஒரு தடவை படிக்கச் சொன்னார். நண்டு வந்த இடத்தில் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பிறகு இழுப்பறையைத் திறந்து சாவியை மேசையில் வைத்தார். "மழைக்காலம் முடியற வரைக்கும். அப்புறம் மறுபடி பாக்கலாம்மா" என்றார். பார்க்கட்டும்.

வாபஸ் வாங்கு என்றேன், நீ வாங்கவில்லை. நான் சொன்னபடி நீ நடந்ததாகச் சரித்திரமே இல்லை, இப்போது மட்டும் எங்கே நடப்பாய். நீ எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, அதனால்தான் கோபம் இன்னும் போக மறுக்கிறது.

இதை மேல் ஓடைக் கம்பத்தில் எழுதுகிறேன். ஏணியில் நின்றுகொண்டு, அளவு எழுதும் அட்டையின் மேல் உனக்கு எழுதும் காகிதத்தை வைத்திருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். காலையிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, கருவி வழக்கம்போல் ஊமை. மேற்கே கறுத்திருக்கிறது. மழை வருவதற்குள் படுகையைத் தாண்டியாக வேண்டும். தாண்டிவிடுவேன்.

வலது முழங்கால் இரண்டு நாளாக உள்ளே கல் அரைபடுகிற மாதிரிச் சத்தம் போடுகிறது. வரும் வழியில் ஒரு இடத்தில் நிற்க முடியாமல் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். யாருக்கும் எழுதிவிடாதே.

அக்கா